பெயரில்லாப் படங்களுக்கு ஊர் தேடியவர்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைப் பள்ளிக் காலத்தில் நாம் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறோம். நடராசர் தாண்டவத்தின் தத்துவத்தை மேலைநாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர், கீழைத்தேயக் கலைகளின் பெருமையை உலகறியச் செய்தவர் என்ற அளவில் அவரைப் பற்றிய எமது அறிவு நின்றுவிடுவது வழக்கம். அவர் தமது வாழ்நாளின் கடைசி முப்பது ஆண்டுகளை ஒரு நூதனசாலையில் கழித்தார் என்பதும், அங்கே பெயர் எழுதப்படாத படங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது எந்த ஊர்ப் படம், எந்தக் காலத்தது, எதைச் சொல்கிறது என்று எழுதி வைத்தார் என்பதும் பலருக்குத் தெரியாது. எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் அந்தப் பணியைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முடிவில் சொல்கிறேன்.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. இலங்கைச் சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்த தமிழர். 1863 இல் இலண்டனில் பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது அதுவே முதற்றடவை. அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் பிள்ளைகள். 1913 இல் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய அதே இராமநாதன்தான் ஆனந்தரின் மைத்துனர் என்றால், இக்குடும்பம் நமக்கு எவ்வளவு அண்மையானது என்பது விளங்கும்.

தாயார் எலிசபெத் இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். குழந்தை ஆனந்தன் தாயுடன் இங்கிலாந்தில் இருந்த காலத்தில், 1879 இல், தந்தையார் கொழும்பில் காலமானார். அப்போது பிள்ளைக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. தந்தையின் முகம் நினைவில் பதியுமுன்னே தந்தையை இழந்த அந்தப் பிள்ளை, தந்தையின் நாட்டையும் மொழியையும் சமயத்தையும் பின்னாளில் தானே தேடிக் கண்டடைய வேண்டியிருந்தது. அவருடைய வாழ்க்கை முழுவதையும் அந்தத் தேடலின் தொடர்ச்சி என்றே சொல்லலாம்.

இங்கிலாந்தில் வைக்கிளிஃப் கல்லூரியில் கற்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இல் முதல் வகுப்பில் தேறினார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குப் பணிப்பாளராக இருந்தார். 1904 இல் தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டுபிடித்தார். இலங்கையின் கனிப்பொருள்கள் பற்றிய ஆய்வுக்காக 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. கலை வரலாற்றாசிரியர் எனப் பெயர் பெற்றவர் முதலில் கல் பார்க்கும் விஞ்ஞானி என்பதை நாம் மறக்கக்கூடாது. ஆற்றுமணலில் கிடக்கும் ஒரு துண்டுக் கல்லைப் பார்த்து, அதன் நிறை, நிறம், உடைந்த முகம் ஆகியவற்றைக் கொண்டு அது எந்த மலைப்பாறையில் இருந்து வந்தது என்று சொல்வது புவிச்சரிதவியலாளனின் வேலை. அந்தப் பார்வையையே அவர் பின்னர் ஓவியத்துக்குக் கொண்டுவந்தார்.

கண்டியில் தொடங்கிய பட்டியல்

கனிப்பொருள் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது அவர் கண்டது கல்லை மட்டுமல்ல. நெசவும், தந்த வேலையும், அரக்கு வேலையும், கோயில் ஓவியமும் தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. அரசர் இருந்த காலத்தில் காணி மானியம் பெற்று வாழ்ந்தவர்கள், இறக்குமதிப் பொருளோடு போட்டியிட முடியாமல் நலிந்தனர். குமாரசுவாமியும் அவருடைய முதல் மனைவி எதெலும் ஊர் ஊராகச் சென்று வேலைப்பாடுகளைப் பார்த்தனர். எதெல் படம் பிடித்தார். கணவர் குறிப்பெழுதினார். அந்த உழைப்பு 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சியந்திரத்தில் 425 பிரதிகள் மாத்திரம் அச்சிடப்பட்டன. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர் சிங்களக் கம்மாளரின் கலைக்கு எழுதி வைத்த அந்நூல், இன்றும் அத்துறையில் முதலில் எடுத்துப் பார்க்கும் நூலாக உள்ளது.

வட இந்தியாவில்

அடுத்த சில ஆண்டுகளை அவர் இந்தியாவில் அலைந்து கழித்தார். 1910, 1911 ஆம் ஆண்டுகளில் அலகாபாத்தில் நடந்த பெருங் கண்காட்சியின் கலைப் பகுதியை ஒழுங்குசெய்தார். அக்காலத்தில் வட இந்தியச் சிற்றோவியம் எது கிடைத்தாலும் முகலாய ஓவியம் என்றோ பாரசீக ஓவியம் என்றோ ஒரே பெயர் போட்டு விடுவார்கள். கடைக்காரரும் அப்படியே விற்றனர், சேகரிப்பாளரும் அப்படியே வாங்கினர். குமாரசுவாமி அந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை.

அவர் கவனித்த அடையாளங்கள் எளிமையானவை. முகலாய ஓவியம் அரசவையைச் சார்ந்தது. அரசர், பிரபுக்கள், யானை, வேட்டை, போர் என்று கண்ணால் கண்டதைக் கண்டபடி தீட்ட முயல்வது. ஒருவருடைய முகம் அவருடைய முகம்போலவே இருக்க வேண்டும். ஓவியரின் பெயரும் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். மற்ற வகைப் படங்களிலோ கண்ணனும் இராதையும், இராமனும் வானரரும், காத்திருக்கும் நாயகியும், இராகங்களுக்கு உருவம் கொடுத்த இராகமாலைகளும் இருந்தன. அவற்றில் முகம் ஒரு தனி மனிதருடையதன்று, ஒரு வகைமையைச் சேர்ந்தது. கோடு அழுத்தமானது, நிறம் தட்டையானது. பின்புறத்திலோ மேல்விளிம்பிலோ இருந்த எழுத்துப் பாரசீகமன்று, நாகரியும் மலைநாட்டுத் தாக்ரி எழுத்தும். சுவரோவிய மரபும் அக்கால மக்கள் மொழிப் பக்திப் பாடல்களும் அவற்றின் பின்னால் நின்றன. இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்து, இவை இராசபுத்திர அரசுகளில் வளர்ந்த வேறொரு மரபு என்று முடிவுசெய்தார். அம்மரபை இராசத்தானம் என்றும், இமயமலை அடிவார அரசுகளைச் சேர்ந்த பகாரி என்றும் இரண்டாகவும், பகாரியை ஜம்மு, காங்ரா என மேலும் இரண்டாகவும் பிரித்தார். 1916 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட இராசபுத்திர ஓவியம் பற்றிய இரண்டு பாக நூலில் இவை யாவும் படங்களுடன் இடம்பெற்றன.

தாம் சேர்த்த ஓவியங்கள் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவற்றை வைப்பதற்கு ஒரு தேசிய நூதனசாலை அமைப்பதானால் முழுவதையும் தருவதாகச் சொன்னார். பணம் சேரவில்லை. 1917 இல் டென்மன் ரோஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அத்தொகுப்பை வாங்கி பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குக் கொடுத்தார். ஓவியங்களோடு குமாரசுவாமியும் சென்று, அங்கே இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 39.

பொஸ்டனில் அவர் செய்த வேலை

அங்கே அவர் எழுதிய இந்தியச் சேகரிப்பின் பட்டியல் பாகம் பாகமாக வெளிவந்தது. 1923 இல் சிற்பம், 1924 இல் சமண ஓவியங்களும் ஏடுகளும், 1926 இல் இராசபுத்திர ஓவியம், 1930 இல் முகலாய ஓவியம். பட்டியல் என்றதும் கடைக் கணக்கு நினைவுக்கு வரலாம். இது அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு படத்துக்கும் அளவு, பொருள், எழுத்திருந்தால் அதன் வாசகம், அதன் கருத்து, மரபு, காலம் என்று வரிசையாகப் பதிவு இருக்கும். படத்தில் இருக்கும் பெண் யார், ஏன் இரவில் காட்டு வழியே தனியாகப் போகிறாள், பாம்பும் மின்னலும் ஏன் வரையப்பட்டன என்பதை அறிய இலக்கியம் தெரிய வேண்டும். சமஸ்கிருதமும் பாளியும் இந்தியும் கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர் அவர். நடராசர் பற்றிய கட்டுரைக்குத் திருமூலரையும் உண்மை விளக்கத்தையும் துணைக்கொண்டார். அக்கட்டுரையைக் கொண்ட சிவநடனம் என்ற நூல் 1918 இல் வெளிவந்தது.

இதே காலத்தில் ஐரோப்பிய ஓவியத்திலும் இத்தகைய வேலை நடந்துகொண்டிருந்தது. இத்தாலியின் மறுமலர்ச்சிக்கால ஓவியங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கையொப்பம் இல்லை. அவற்றை இனங்காணப் புதுவழி காட்டிய ஜோவான்னி மொரெல்லி மருத்துவம் படித்தவர். 1816 இல் பிறந்து 1891 இல் மறைந்த அவர், முகத்தையும் தோற்றத்தையும் நம்பாதே, காதையும் விரல் நகத்தையும் பார் என்று கற்பித்தார். முக்கியமான இடங்களில் ஓவியன் கவனமாக மற்றவரைப் பின்பற்றுவான், கவனிக்காத சிறு இடங்களில் தன் கைப்பழக்கத்தைக் காட்டிவிடுவான் என்பது அவர் கண்ட உண்மை. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில், பிற்கால ஓவியர் ஒருவர் எடுத்த பிரதி என்று கருதப்பட்ட உறங்கும் வீனஸ் ஓவியம் ஜோர்ஜோனேயின் மூலப்படம் என்று அவரே கண்டு சொன்னார். அவருடைய வழிவந்த பேர்னாட் பெரன்சன், பொஸ்டனில் குமாரசுவாமியின் நூதனசாலைக்கு அண்மையில் உள்ள கார்ட்னர் நூதனசாலைக்கு இத்தாலிய ஓவியங்களைத் தெரிந்து கொடுத்தவர். பெரன்சன் ஓவிய வியாபாரிகளிடமும் பணம் பெற்றார். அவர் ஒரு பெயரைச் சொன்னால் படத்தின் விலை பன்மடங்கு ஏறும். ஆகவே அவர் சொன்ன பெயர்கள் சிலவற்றைப் பின்வந்தோர் ஐயத்தோடு பார்த்தனர்.

மருத்துவத் தொழிலில் இருக்கும் எனக்கு இவ்வேலை அந்நியமாகத் தோன்றுவதில்லை. நோயாளியின் நகத்தையும் கண்ணிமையின் உட்புறத்தையும் பார்த்துத்தான் நாங்களும் தொடங்குகிறோம். துண்டில் முன்னொருவர் எழுதிய நோயின் பெயரை அப்படியே நம்பிவிட்டால் அடுத்து வருபவர்கள் எல்லோரும் அதே தவறைத் தொடர்வோம். ஐயம் இருந்தால் ஐயம் என்று எழுதவேண்டும். தெரியாததற்கு ஒரு பெயரை எழுதிவைப்பது வெற்றிடம் விடுவதிலும் கேடானது.

இலங்கை முற்றுகை

குமாரசுவாமியின் திறமையையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டுவது ஒரு படத்தொடர். அதன் பெயர் இலங்கை முற்றுகை. இரண்டடி உயரமும் இரண்டரை அடி அகலமும் அளவில் உள்ள பெரிய தாள்கள். பொன்மதில் சூழ்ந்த இராவணனின் நகரம், வெளியே வானரரும் கரடிகளும், நாகபாசத்தால் கட்டுண்ட இராம இலக்குமணர். சில தாள்கள் முழுதும் தீட்டப்பட்டவை, சில கோட்டோடு நின்றுவிட்டவை. இன்று அவை பொஸ்டன், நியூயோர்க் முதலிய இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. கடலையே காணாத மலைநாட்டுக்காரன் ஒருவன் கற்பனையில் கண்ட இலங்கையை, இலங்கையில் பிறந்த தமிழர் ஒருவர் அமெரிக்காவில் இருந்து ஆராய்ந்தார் என்பது எண்ண எண்ண இனிக்கும் செய்தி.

அவர் அத்தொடரை ஜம்மு மரபைச் சேர்ந்தது என்று எழுதினார். மலைநாட்டு ஓவியம் என்று இனங்கண்டது சரி. ஜம்மு என்றது சரியன்று. பின்வந்த ஆய்வாளர்கள் அதனைக் குலேர் என்ற சிறு அரசுக்கும், 1725 ஆம் ஆண்டளவுக்கும், மானக்கு என்ற ஓவியருக்கும் உரியதாகக் கண்டனர். இதற்கு வழி திறந்தவர் இந்தியப் பேராசிரியர் பி. என். கோசுவாமி. குமாரசுவாமி தேடாத ஓர் இடத்தில் அவர் தேடினார். ஹரித்துவாரில் கங்கைக் கரையில் அந்தியேட்டிக்கும் தீர்த்தமாடவும் வரும் குடும்பங்களின் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஊர் யாவற்றையும் பூசகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேரேடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே ஓவியக் குடும்பங்களும் வந்திருந்தன. மானக்குவின் தம்பியும் பெரும் ஓவியருமான நைன்சுக் 1763 இல் தம் கையாலேயே எழுதிய பதிவும் அங்கே இருந்தது. அப்பதிவுகளைக் கொண்டு, தகப்பன் சேயு, மக்கள் மானக்கு, நைன்சுக், அவர்களின் பிள்ளைகள் என ஒரு குடும்பமே வெளிச்சத்துக்கு வந்தது. ஓவியத்தின் பாணியை அரசின் பெயரால் பிரிப்பதிலும் குடும்பத்தின் பெயரால் பிரிப்பதே பொருத்தம் என்று 1968 இல் கோசுவாமி எழுதினார்.

முகலாய ஓவியத்தையும் இராசபுத்திர ஓவியத்தையும் குமாரசுவாமி அளவுக்கு மீறிப் பிரித்துவிட்டார் என்றும் இன்று கருதுகிறார்கள். ஓவியர்கள் ஓர் அரசவையில் இருந்து இன்னோர் அரசவைக்குப் போய்வந்தார்கள், ஒருவர் கையை மற்றவர் கற்றார்கள். இவை உண்மை. ஆனாலும் அவர் அன்று படத்தை எடுத்து அளந்து, எழுத்தைப் படித்து, ஓர் ஊரைக் குறித்து, அதற்கான காரணத்தையும் எழுதி வைத்திராவிட்டால், பின்வந்தவர்கள் திருத்துவதற்கு ஒன்றும் இருந்திராது. காரணத்தோடு எழுதிய பிழையை மற்றவர் திருத்தலாம். எழுதாமல் விட்டதை எவராலும் திருத்த முடியாது.

பெயர் பற்றிய அவரது எண்ணம்

பிற்காலத்தில் அவருடைய மனம் தத்துவத்தின் பக்கம் திரும்பியது. பழங்காலக் கலைஞன் தன் பெயரைப் பொறிக்காதது பெயர் தெரியாமற்போன விபத்தன்று, அவன் தன்னைப் பெரிதாக எண்ணாததன் அடையாளம் என்று அவர் கருதினார். யார் செய்தது என்பதிலும், எதற்காக, எந்த முறைப்படி செய்தது என்பதே முக்கியம் என்பது அவர் கொள்கை. வாழ்நாள் முழுவதும் படங்களுக்கு ஊரையும் காலத்தையும் தேடி எழுதியவர் இப்படிச் சொன்னது முரண்போலத் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால் முரண் இல்லை. ஒரு பொருளை அதன் வீட்டுக்கு அனுப்பவே அவர் பட்டியல் எழுதினார். தனி ஒருவருக்குப் புகழ் தேடுவது அவர் நோக்கமன்று. ஆனால் நான் இதில் கோசுவாமியின் பக்கமே நிற்கிறேன். ஓவியர்கள் தம் பெயரைப் படத்தில் எழுதாவிட்டாலும், கங்கைக் கரையில் தம் தகப்பனின் பெயரை எழுத மறக்கவில்லையே.

1947 இல் அவருடைய எழுபதாவது பிறந்தநாள் கொண்டாடப்பட்டது. ஓய்வு பெற்று இந்தியா திரும்பி இமயமலைப் பகுதியில் வாழ எண்ணியிருந்தார். அது கைகூடவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி மசசூசெற்ஸ் மாநிலத்தின் நீடம் நகரில் காலமானார். அவருடைய மகன் இராமா பின்னாளில் சத்திரசிகிச்சை நிபுணர் ஆனார்.

அதே 1947 இல், அதற்கு ஏழு வாரங்களுக்கு முன், யூலை 19 ஆம் திகதி, எமது மண்ணின் மைந்தர் சுவாமி விபுலாநந்தரும் மறைந்தார். அவரும் விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்து போன யாழின் உருவத்தையும் நரம்புகளையும் இசையையும் பழைய நூல்களில் சிதறிக் கிடந்த குறிப்புகளைக் கொண்டு மீட்டெடுத்து, மறைவதற்கு முந்திய மாதத்தில் யாழ்நூலை அரங்கேற்றிச் சென்றார். காரைதீவில் பிறந்த ஒருவரும் கொழும்பில் பிறந்த ஒருவரும், இழந்துபோனதன் அடையாளத்தைத் தேடும் ஒரே வேலையை வெவ்வேறு இடங்களில் இருந்து செய்தனர்.

நாம் செய்ய வேண்டியது

இனி நான் முதலிற் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். இம்மலருக்கெனப் பழைய மாணவிகள் பலர் தங்கள் வீட்டில் இருந்த படங்களைத் தந்திருக்கிறார்கள். 1978 சூறாவளியிலும், இடம்பெயர்ந்த காலங்களிலும், 2004 ஆழிப்பேரலையிலும் அகப்படாமல் தப்பியவை மிகச் சில. அவற்றில் உள்ள முன்வரிசை ஆசிரியர்களின் பெயர்கள் தெரிகின்றன. பின்வரிசைப் பிள்ளைகள் பலரின் பெயர் தெரியவில்லை. ஒரு படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் என் அம்மம்மா என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வந்தோம். அப்படியே பெயரும் எழுதிக் கொடுத்தேன். எண்பது வயது கடந்த அக்கா ஒருவர் படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, அது அம்மம்மா அல்ல, அவரின் தங்கை என்றார். காதைப் பார்த்தாராம். தங்கையின் காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். வீட்டில் இருந்த மற்றப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. அந்தத் தங்கை திருமணம் ஆகுமுன்னே காய்ச்சலில் இறந்தவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, வேறு படமும் இல்லை. என் கைப்பிழையால் அவருடைய ஒரே படமும் இன்னொருவர் பெயருக்குப் போயிருக்கும்.

ஆகவே கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் களுதாவளையிலும் இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரில் உள்ள படங்களை உங்கள் அம்மாவிடம், அம்மம்மாவிடம், பெரியம்மாவிடம் காட்டுங்கள். தெரிந்த பெயரை, அவரின் தகப்பன் பெயரோடும் படித்த ஆண்டோடும் எழுதுங்கள். எதைக் கொண்டு இனங்கண்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். ஊகமானால் ஊகம் என்றே எழுதுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், பின்னால் வருபவர் நிரப்பட்டும். சங்கம் அவற்றைச் சேர்த்து ஒரு பட்டியலாக வைக்கும். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். அடுத்த பொங்கலுக்கு முன் எழுதி அனுப்புங்கள்.